துயர வேளையில் நீதி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனைப் போற்றி, அவனுடைய இறுதித் தூதர் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறோம்.

 

ஆண்டுதோறும் நமது அறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்து, அவ்வாண்டில் நடந்தேறிய நிகாஹ்களின் எண்ணிக்கையும் நல்லடக்கம் செய்யப்பட்ட ஜனாஸாக்களின் எண்ணிக்கையும் அச்சாகின்றன. ஜனாஸா என்ற அந்த ஒற்றை எண்ணை நாம் ஒரு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் அந்த எண்ணுக்குள் அடங்கிய ஒவ்வொரு வீட்டிலும், மய்யித்து எடுக்கப்பட்ட சில நாட்களுக்குள் பல முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும். கடனை யார் ஏற்பது, வீடு யாருக்கு, கைம்பெண் எங்கே இருப்பது, விபத்துக்குக் காரணமானவரை என்ன செய்வது என்ற முடிவுகள் அவை. வாழ்நாள் முழுதும் பயன் தரவோ துன்பம் தரவோ கூடிய இம்முடிவுகள், மனிதன் தெளிவாகச் சிந்திக்க இயலாத நேரத்தில் எடுக்கப்படுகின்றன. ஆகவேதான், துயரமும் நீதியும் சந்திக்கும் இடத்தைப் பற்றி இவ்வாண்டு பேசலாம் என எண்ணினோம்.

துயரம் குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அழுவது ஈமானின் குறைவு அன்று. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம், பால்குடிப் பருவம் தாண்டாத மழலையாக, தந்தையின் மடியிலேயே உயிர் நீத்தபோது அண்ணலாரின் கண்கள் பெருக்கெடுத்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர் வியந்து கேட்டபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்று அண்ணலார் விளக்கம் தந்தார்கள்.

அதே நாளில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை. அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இறைத்தூதரின் மகன் இறந்ததற்காகவே சூரியன் ஒளி இழந்தது என்று மதீனத்து மக்கள் பேசத் தொடங்கினர். துயரத்தில் மூழ்கிய எந்தத் தந்தைக்கும் இப்பேச்சு ஆறுதலாக இருந்திருக்கும். மறுக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் தென்பட்டிராது. ஆனால் அண்ணலார் மக்களைத் திரட்டித் தொழுகை நடத்தி, சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் கொள்வதில்லை என்று அறிவித்தார்கள். மகனை அடக்கிய நாளிலும் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணீர் வழிந்தபோதும் தீர்ப்பு தடுமாறவில்லை. நாம் இன்று பேசப் போவது முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்கும்.

துயரம் அறிவை என்ன செய்கிறது?

இழப்புக்குள்ளான மனிதனுக்கு உறக்கம் கெடுகிறது, உணவு இறங்குவதில்லை, சொன்னது நினைவில் நிற்பதில்லை. இவை நாம் ஒவ்வொரு மய்யித்து வீட்டிலும் காண்பவையே. ஆனால் நீதியைப் பாதிக்கும் மாற்றங்கள் இவற்றினும் ஆழமானவை. அவை நான்கு.

முதலாவது, துயரம் ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. காரணமே இல்லாமல் இழந்தோம் என்பதைவிட, இன்னாரால் இழந்தோம் என்பதை மனம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. மருத்துவர், ஓட்டுநர், மருமகள், அயல் சமயத்தார் என எவரேனும் ஒருவர் கைக்கு அருகில் இருந்தால் போதும்.

இரண்டாவது, துயரம் காலத்தைச் சுருக்குகிறது. நாளைக்கு என்ற ஒன்று கண்ணில் படுவதில்லை. இப்போதே ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு மேலிடுகிறது.

மூன்றாவது, அருகில் இருப்பவரின் குரலே பெரிதாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் தோளில் கை வைத்தவர் சொல்வதே சரியெனத் தோன்றுகிறது. அவர் நல்லவராக இருந்தால் நன்மை, தன்னலம் உள்ளவராக இருந்தால் கேடு.

நான்காவது, இழந்தவனுக்கு உரிமை அதிகம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான் இவ்வளவு இழந்திருக்கிறேன், என்னை யார் கேள்வி கேட்பது என்ற மனநிலை அது. இரக்கத்தால் ஊரும் கேள்வி கேட்பதில்லை.

கோபத்தில் இருக்கும் நிலையில் இருவரிடையே தீர்ப்புச் சொல்லலாகாது என்று நீதிபதிக்கு அண்ணலார் விதித்த விலக்கை நாம் அறிவோம். அறிவை மறைக்கும் கடும்பசி, பெருந்துயரம் ஆகியவற்றுக்கும் இவ்விலக்கு பொருந்தும் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் விரித்துரைத்துள்ளனர். நீதிபதிக்கே இவ்விதி என்றால், தன் வீட்டில் தானே நீதிபதியாக அமரும் சாதாரண மனிதனுக்கு எவ்வளவு எச்சரிக்கை தேவை!

மதீனாவில் இரு மரணங்கள்

கி.பி. 632-இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான செய்தி பரவியபோது, மனவலிமைக்குப் பெயர் பெற்ற உமர் (ரலி) அவர்களே அதை ஏற்க மறுத்தார்கள். இறந்தார்கள் என்று சொல்பவர்களை எச்சரித்தார்கள். அதே அளவு துயரம் கொண்ட அபூபக்ர் (ரலி) அவர்கள் உள்ளே சென்று, அண்ணலாரின் நெற்றியில் முத்தமிட்டு அழுது, பின்னர் வெளியே வந்து, நபியவர்கள் மறைந்துவிட்டார்கள், இறைவனோ என்றும் உள்ளவன் என்ற உண்மையை மக்களுக்கு நினைவூட்டினார்கள். அதைக் கேட்டதும் உமர் (ரலி) அவர்களின் கால்கள் தளர்ந்தன. உண்மை மனத்தில் இறங்கியது. இருவருமே அழுதவர்கள்தாம். துயரம் ஒருவருடைய தெளிவை மறைத்தபோது, மற்றவரின் தெளிவு உம்மத்தைக் காத்தது. நெருக்கடியில் ஒரு சமுதாயத்திற்கு ஒரேயொரு தெளிந்த குரலேனும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றொரு மரணம் கி.பி. 644-இல் நிகழ்ந்தது. சுப்ஹுத் தொழுகையில் அபூ லுஃலுஆ என்பவனால் குத்தப்பட்டு உமர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். கொலைக் கருவியுடன் அவனோடு சிலர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாக ஒரு செய்தி கிடைத்தது. அதை விசாரணைக்கு விடாமல், அவர்களுடைய மகன் உபைதுல்லாஹ் வாளெடுத்துச் சென்று, ஹுர்முஸான் என்பவரையும் ஜுஃபைனா என்பவரையும், கொலைகாரனின் சிறு மகளையும் கொன்றுவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அடுத்த கலீபாவான உஸ்மான் (ரலி) அவர்கள் முன்பு வந்த முதல் வழக்கே இதுதான். கலீபாவின் மகன் என்றோ, தந்தையை இழந்தவன் என்றோ இச்செயல் நியாயப்படுத்தப்படவில்லை. பழிக்குப் பழி வேண்டும் என்று அலீ (ரலி) அவர்கள் வாதிட்டார்கள். முடிவில் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தச் செல்வத்திலிருந்து இரத்த ஈடு கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். அந்தச் சிறுமி செய்த குற்றம் என்ன? துயரம் இக்கேள்வியைக் கேட்பதில்லை; நீதி கேட்டாக வேண்டும்.

கோவை கற்பித்த பாடம்

தொலைவான காலத்தை விட்டு அருகில் வருவோம். நமது பழனியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவையில் 1997 நவம்பர் 29 அன்று, தம் கடமையைச் செய்துகொண்டிருந்த போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் நமது சமுதாயத்தின் பெயர் தாங்கிய இளைஞர்கள். உடன் பணியாற்றியவரை இழந்த காவலர்களின் துயரம் நியாயமானது. ஆனால் அத்துயரம் தெருவுக்கு வந்தது. தொடர்ந்த நாட்களின் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர், கடைகள் எரிந்தன, கொள்ளை போயின. செல்வராஜைக் குத்தியவர்கள் அல்லர் அந்தப் பதினெண்மர்.

அடுத்து அந்த 18 வீடுகளின் துயரம். அதுவும் நியாயமானதே. ஆனால் அத்துயரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டோம் என்று கூறியவர்கள் செய்தது என்ன? 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நோயாளிகள் வந்து செல்லும் அரசு மருத்துவமனையும் தப்பவில்லை. நவம்பர் மாதத்தில் கடைகளை எரித்தவர்கள் அல்லர் அந்த 58 பேரும்.

ஒன்று, பதினெட்டு, ஐம்பத்தெட்டு. மொத்தம் எழுபத்தேழு உயிர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் துயரம் உண்மையானது. அத்துயரத்தின் பெயரால் எடுக்கப்பட்ட முடிவு அநீதியானது. ஒவ்வொரு கட்டத்திலும் இறந்தவர், முந்தைய கொலையைச் செய்தவர் அல்லர். சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2007-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் வழக்கிலும் வறுமையிலும் கரைந்தன. வாடகைக்கு வீடு கேட்டுச் செல்லும் முஸ்லிமின் முகத்தை உற்றுநோக்கும் வழக்கமும் அந்நாட்களில் வலுப்பெற்றது.

உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டபோது, இதைவிடக் கடுமையாகப் பழிதீர்ப்போம் என்ற சொல் எழுந்தது. அந்நேரத்தில், பழிவாங்குவதாயினும் செய்யப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது, பொறுமை கொள்வது அதனினும் சிறந்தது என்ற இறைக்கட்டளை இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். பிணங்களைச் சிதைக்கும் வழக்கமே அதன்பின் தடை செய்யப்பட்டது. அந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் சமுதாயத்தின் பெயரால் கோவையின் பிப்ரவரி நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். நவம்பரை மட்டும் சொல்லிப் பிப்ரவரியை விடுவதும், பிப்ரவரியை மட்டும் சொல்லி நவம்பரை விடுவதும் ஒரே வகைப் பொய்யாகும்.

இரண்டு தந்தையர்

2018 மார்ச் இறுதியில், இராமநவமி ஊர்வலங்களையொட்டி மேற்கு வங்காளத்தின் ஆசன்சோல் நகரில் கலவரம் மூண்டது. அங்குள்ள நூரானி பள்ளிவாசலின் இமாம் மௌலானா இம்தாதுல்லாஹ் ரஷீதி அவர்களின் மகன் சிப்துல்லாஹ் காணாமற்போய், பின்னர் பிணமாகக் கிடைத்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருந்த 16 வயதுச் சிறுவன். ஜனாஸாவுக்கு ஈத்காஹ் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அக்கூட்டத்தின் கோபம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மகனை இழந்த அந்த இமாம் கூட்டத்தை நோக்கிக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இன்னொரு குடும்பம் தன் பிள்ளையை இழக்கலாகாது. ஒரு வீடும் எரியலாகாது. யாரேனும் பழிவாங்க முற்பட்டால், தாம் அப்பள்ளிவாசலையும் அவ்வூரையும் விட்டே வெளியேறிவிடுவதாக அவர் அறிவித்தார். கூட்டம் கலைந்தது. நகரம் மேலும் எரியாமல் நின்றது.

மேலே சொன்ன நான்கு மாற்றங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். இழந்தவனுக்கு உரிமை அதிகம் என்பது உண்மையானால், அந்த மைதானத்தில் அவரைவிட அதிக உரிமை உடையவர் எவருமில்லை. அந்த உரிமையை அவர் பழிக்குப் பயன்படுத்தாமல், பழியைத் தடுக்கப் பயன்படுத்தினார். அயலார் ஒருவர் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் கூட்டம் செவிசாய்த்திருக்காது. துயரம் தருகிற அதிகாரம் உண்மையான அதிகாரம். அது எந்தப் பக்கம் செலுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

இதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், 2018 பிப்ரவரி முதல் நாளில், தில்லியில் அங்கித் சக்ஸேனா என்ற இந்து இளைஞர் கொல்லப்பட்டார். அவர் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்பியதை எதிர்த்த அப்பெண்ணின் குடும்பத்தார் செய்த கொலை அது. மகனின் சாவைச் சமயப் பகையாக மாற்றச் சிலர் முயன்றபோது, தந்தை யஷ்பால் சக்ஸேனா அதை வெளிப்படையாக மறுத்தார். அவ்வாண்டு ரமளானில் அவரே இஃப்தார் நிகழ்ச்சியும் நடத்தினார். அதே வேளையில், மகனுக்கான நீதியை நீதிமன்றத்தில் அவர் விட்டுவிடவில்லை. 2024 மார்ச்சில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சமுதாயத்தின் மீது பகை கொள்ளாமல் இருப்பதும், குற்றவாளிக்குச் சட்டப்படி தண்டனை கோருவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை அத்தந்தை காட்டினார்.

மன்னித்தே ஆக வேண்டும் என்று துயருற்றவரை நாம் நெருக்குவதும் நீதியாகாது. மக்கா வெற்றிக்குப் பின்னர், ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று வந்தபோது, அண்ணலார் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தம் கண்முன் வராமல் இருக்க இயலுமா என்றும் கேட்டுக்கொண்டார்கள். வஹ்ஷியின் உரிமை எதுவும் குறைக்கப்படவில்லை. சிறிய தந்தையை இழந்த துயரமும் இல்லாதது போல் மறைக்கப்படவில்லை. உள்ளத்தில் காயம் இருக்கலாம், தீர்ப்பில் அது இறங்கலாகாது.

மருத்துவமனை வாசலில்

கலவரம் எப்போதோ வருவது. விபத்து அடிக்கடி வருவது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் கோவைக்கும் நம் ஊரிலிருந்து விரையும் ஆம்புலன்ஸ்களை நாம் காண்கிறோம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மூளைச்சாவு என்ற சொல்லைக் கேட்கும் குடும்பத்திடம், உறுப்புகளைத் தானமாகத் தருவீர்களா என்ற கேள்வியும் வைக்கப்படலாம்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோர், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். அவனது இதயம் சென்னையின் நெரிசலான சாலைகளில் காவல்துறையின் உதவியோடு விரைந்து கொண்டுசெல்லப்பட்டு, ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழகத்தில் உறுப்பு தானம் பற்றிய விழிப்புணர்வு அதன்பின்னரே பரவலாயிற்று. உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாதெமி 1986-இல் அம்மானில் கூடி மூளைச்சாவை ஏற்றது. 1988-இல் நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. இந்தியத் துணைக்கண்டத்து ஆலிம்கள் பலர் இதற்கு உடன்படவில்லை. எது சரி என்று தீர்ப்பளிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே மருத்துவர் குழு மூளைச்சாவை உறுதி செய்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள், அதுவரை ஒருநாளும் சிந்தித்திராத கேள்விக்கு ஒரு தாய் விடை சொல்ல வேண்டியுள்ளது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும், பின்னர் வருந்த நேரலாம். ஆகவே, உடல்நலத்தோடு இருக்கும்போதே ஆலிமிடம் கேட்டு, குடும்பத்தில் பேசி, தம் விருப்பத்தைத் தெரிவித்து வைப்பவர், தம் வீட்டாரின் தோளிலிருந்து பெரும் சுமையை இறக்கி வைக்கிறார்.

மய்யித்து வீட்டுப் பத்திரம்

சகோதரர்களே! இப்போது சொல்லவிருப்பது கசப்பானது. ஆயினும் இன்று சொல்லத்தக்கவற்றில் முதன்மையானது இதுவே.

தந்தை மௌத்தாகிறார். மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ உறவினர் கூடியிருக்கையில், அண்ணன் தம்பிகள் மெல்லப் பேச்செடுக்கின்றனர். “உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே, வீட்டை நாங்களே வைத்துக்கொள்கிறோம், ஒரு கையெழுத்துப் போட்டுவிடு” என்கின்றனர். தந்தையை இழந்த அந்தப் பெண், இனித் தனக்குத் தாய்வீடு என்று இருப்பது இந்த அண்ணன்மார் மட்டுமே என்று அஞ்சுகிறாள். பங்கு கேட்டால் உறவு போய்விடும் என்று எண்ணி, விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடுகிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவாகிறது. ஒருமுறை பதிவானால், அதை நீக்க உரிமையியல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும்.

இது மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகுமா? துயரத்தின் மேல் போடப்பட்ட கையெழுத்து அது. மேலே கண்ட நான்கில் மூன்று இங்கே இருக்கின்றன: உடனே செய்தாக வேண்டும் என்ற அவசரம், அருகில் உள்ளவரின் குரல், கேள்வி கேட்கத் தயங்கும் ஊர்.

மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி; பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று; அதற்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும்; வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது. இவை இறைவன் வகுத்தவை. எந்தக் குடும்பத்தின் பெரிய மனிதரும் வகுத்தவை அல்ல. வீட்டில் பங்கு உண்டு, தோட்டத்திலும் வயலிலும் பெண்ணுக்குப் பங்கில்லை என்று சிலர் கூறுவது சட்டப்படியும் தவறு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணம் 1949-இல் கொண்டுவந்த திருத்தத்தால் விவசாய நிலமும் அதனுள் அடங்கிற்று. சீதனமாகவும் சீராகவும் கொடுத்தது வாரிசுப் பங்கைக் குறைக்காது.

பங்கை விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையென்று நாம் கூறவில்லை. பங்கைக் கொடுப்பது விரைவாக நடக்கட்டும். பங்கை விட்டுக்கொடுப்பது தாமதமாகவே நடக்கட்டும். அவளுடைய பங்கு எவ்வளவு என்பது கணக்கிடப்பட்டு, அவள் கையில் சேர்ந்த பின்னர், மாதங்கள் கழித்துத் தன் விருப்பத்தால் அவள் அண்ணனுக்குக் கொடுத்தால், அதுவே அன்பளிப்பு.

துயரம் விரித்த இதயங்கள்

துயரம் எப்போதும் அறிவைக் குறுக்கவே செய்யும் என்று முடிவு கட்டுவதும் நியாயமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பரங்கிப்பேட்டையில் திருமணங்களுக்காகச் சமைக்கப்பட்டிருந்த உணவு, கரையிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்குப் பரிமாறப்பட்டது. இறந்தோரை மீட்டு அடக்கம் செய்வதிலும் அவ்வூர் ஜமாஅத்தினர் முன்னின்றனர். அந்தப் பொழுதில் எவரும் சமயம் கேட்கவில்லை.

அதே நாளில் நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியர் தம் மூன்று குழந்தைகளையும் ஒருசேர இழந்தனர். உயிர் வாழ்வதே வேண்டாம் என்று கலங்கிய அவர்கள், பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைக் கண்டு, தம் வீட்டையே அவர்களுக்கு இல்லமாக்கினர். குழந்தைகளை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் ஒரு கூரையின் கீழ் குடும்பமாயினர். இழப்பை அறிந்தவருக்கே அடுத்தவரின் இழப்பு முழுமையாக விளங்குகிறது. இந்த விளக்கத்தை நீதிக்குத் துணையாக்குவதே நம் வேலை.

ஜமாஅத் செய்யத்தக்கவை

முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவருடைய குடும்பத்தார் துயரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று அண்ணலார் ஏவினார்கள். துயருற்றவர் சுமக்க இயலாததை அண்டை அயலார் சுமக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. உணவுக்குப் பொருந்துவது முடிவுகளுக்கும் பொருந்தும். இதன் அடிப்படையில் நான்கு செயல்களைப் பொதுக்குழுவின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

1. மரணம் நிகழ்ந்த வீட்டிற்கு முதல் மூன்று நாட்களும் மஹல்லாவாசிகளே உணவளிக்க வேண்டும். துயரில் இருப்பவர் கடன் வாங்கி ஊருக்கு விருந்து வைக்கும் நிலை இருக்கலாகாது.

2. இறந்தவரின் சொத்து, கடன், மஹர் பாக்கி ஆகியவற்றைப் பட்டியலிட ஆலிம் ஒருவரும் கணக்கறிந்த ஒருவரும் உதவ வேண்டும். கைம்பெண்ணின் இத்தாக் காலமான நான்கு மாதம் பத்து நாள் முடியும் முன்னர், எந்தப் பெண்ணிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கலாகாது என்று ஜமாஅத் தீர்மானிக்கலாம்.

3. விபத்தோ மோதலோ நேர்ந்து உயிர் போகுமானால், உடனே செல்ல வேண்டிய இருவரை இன்றே நியமித்து வைக்க வேண்டும். ஒருவர் குடும்பத்தாருடன் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் செல்ல, மற்றவர் கைப்பேசியில் பரவும் செய்திகளைச் சரிபார்த்து, பொய்யானவற்றை மறுக்க வேண்டும். ஓட்டுநரை அடிப்பதும் மருத்துவமனையைத் தாக்குவதும் இழப்பீட்டைப் பெற்றுத் தராது. வழக்கை நம் பக்கம் திருப்பவே செய்யும்.

4. வஸிய்யத் எழுதுவது, உறுப்பு தானம், கடன் விவரம் ஆகியவற்றைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜும்ஆ மேடையில் பேசப்பட வேண்டும்.

மூன்றாவதை இவ்வூரில் நாம் தனிக் கவனத்தோடு நோக்க வேண்டும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இலட்சக்கணக்கான பக்தர்கள் நடந்து வரும் ஊர் இது. அவர்கள் நடக்கும் சாலையிலேயே நம் வாகனங்களும் செல்கின்றன. அவர்களுக்குப் பொருள் விற்றே நம்மில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தச் சாலையில் ஒரு நாள் ஓர் உயிர் போகலாம். அது எந்தச் சமயத்தவரின் உயிராகவும் இருக்கலாம். அன்றைய முதல் ஒரு மணி நேரத்தில் யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த முப்பது ஆண்டுகளின் உறவு அமையும். கோவையில் அந்தக் குரல் எழவில்லை, ஆசன்சோலில் எழுந்தது. அக்குரலை அந்த நேரத்தில் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. முன்னரே ஆயத்தமாக்கி வைக்க வேண்டும்.

துயரம் வராத வீடு எதுவுமில்லை. வரும்போது நம் கண்கள் அழட்டும். நம் கையெழுத்தும் நம் கையும் நாவும் நீதியின் எல்லைக்குள் நிற்கட்டும். துயருற்றவருக்கு ஆறுதலையும், அவர் சார்பில் பேசுவோருக்குத் தெளிவையும், இவ்வூர் மக்கள் அனைவருக்கும் அமைதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.